அடுகோடியில் ஒரு பக்கெட் கடல்

நான் கடலூர்க்காரி. வேலை கிடைத்து பெங்களூர் வந்து ஈஜிபுராவில் ஒரு அறை எடுத்துத் தங்கினேன். இந்த ஊரில் கடலைத் தவிர எல்லாம் இருந்தது. கொஞ்ச நாளிலேயே வேலையை விட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் ஆபீஸில் பக்கத்து சீட் சுமதி அக்கா, அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர், அடுகோடியில் மணல் கொட்டிய வாலிபால் மைதானத்துக்கு என்னை இழுத்துப் போனார்.

"சாக்ஸ் போட்டுக்கோ, மணல் சுடும்" என்றார்.

"கடலூர்க்காரிக்கே மணலைப் பத்திச் சொல்றீங்களா?" என்று வெறுங்காலோடு இறங்கினேன்.

ஏப்ரல் வெயில். பாதி ஆட்டத்தில் உள்ளங்கால் கொதித்தது. ஊரில் செய்வதைத்தான் செய்தேன். பந்தை அப்படியே விட்டுவிட்டு, அலையில் கால் நனைக்கக் கிழக்கே ஓடினேன். காம்பவுண்டு சுவரில் கை இடித்த பிறகுதான் புத்தி வந்தது.

"எங்கம்மா ஓடுற?" என்று பின்னாலிருந்து அக்கா கத்தினார்.

"கடலுக்கு" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அக்காவும் கூட ஆடியவர்களுமோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அடுத்த ஞாயிறு அதே சுவரோரம் ஒரு நீலப் பக்கெட், தளும்பத் தளும்பத் தண்ணீர்.

"உன் கடல். அலை மட்டும் நீயே அடிச்சுக்கோ" என்றார் அக்கா.

அன்று ஆட்டம் முடிந்து அவர் ஸ்கூட்டரில் அல்சூர் ஏரி, கோயில் தெரு என்று இருட்டும்வரை சுற்றினோம். திரும்பிப் போகும் பேச்சை நான் அப்புறம் எடுக்கவே இல்லை.

போன மாதம் கடலூர் போயிருந்தேன். மத்தியான மணல் காலைச் சுட்டது. எதிரே அவ்வளவு பெரிய கடல் கிடக்க, என் கண் அந்த நீலப் பக்கெட்டைத் தேடியது.