என்னிடம் கேட்காத கேள்வி

டெல்லித் தமிழர்களின் வாட்ஸாப் குழு ஒன்றில் எனக்கு ஒரே ஒரு பயன்தான். என் ரத்தம் ஓ நெகட்டிவ். ஊரிலிருந்து யாராவது ஆபரேஷனுக்கென்று டெல்லி வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் படுத்து, அந்த வகை ரத்தம் கிடைக்காமல் தவித்தால் என் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். பொங்கல் விழாவுக்குக் கூப்பிட மறப்பார்கள், இதற்கு மறக்க மாட்டார்கள். "அவங்களுக்கென்ன, குடும்பமா குட்டியா, எப்பக் கூப்பிட்டாலும் வந்துடுவாங்க" என்று துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் குடியிருக்கும் அம்மாள் ஒருவர் என் காதுபடவே சொல்லியிருக்கிறார். நாற்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை, லோதி ரோட்டில் மத்திய அரசு வேலை, வெள்ளிக்கிழமை கோயில். இவ்வளவு தெரிந்தால் போதும், மிச்சத்தை அவர்களே எழுதிக்கொள்வார்கள்.

மிச்சம் அவர்கள் நினைத்தபடி இல்லை. ஹைதராபாத்தில் இரண்டு வாரப் பயிற்சிக்குப் போன இடத்தில் ஒருவர் பழக்கமானார். வேறு துறைக்காரர், மனைவியைப் பிரிந்து பல வருடம் ஆகிறது என்றார். பிறகு அலுவலக வேலையாக மூன்று முறை டெல்லி வந்தார், மூன்று முறையும் என் வீட்டில் தங்கினார். என் சமையலைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் தடவை ரசம் வாங்கிக் குடிப்பார். சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

கடைசியாக அவர் வந்து போன இரண்டாம் வாரம் ஒரு செய்தி வந்தது. தனக்கு டெஸ்டில் சிபிலிஸ் என்று வந்திருக்கிறது, நீங்களும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், ஸாரி. அவ்வளவுதான். உடனே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுநாளிலிருந்து அந்த நம்பர் எனக்குப் போகவே இல்லை. படுபாவி, நோயைச் சொல்ல இருந்த தைரியம் போனை எடுக்க இல்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாயில் சின்னப் புண் வந்தாலும் வாஷ்பேசின் கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். என் துண்டைத் தனியாக வெந்நீரில் ஊறவைத்தேன். வீட்டில் வேறு யார் துண்டு இருக்கிறது, தனியாக வைக்க? அரசு டிஸ்பென்சரிக்குப் போகலாம் என்றால், அங்கே வரிசையில் பாதிப் பேர் எங்கள் ஆபீஸ். தனியார் லேபில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள். ஆனால் கேட்டில் செக்யூரிட்டி இன்டர்காமில், "மேடம், லேபிலிருந்து ஆள்" என்று மாடிக்கே கேட்கும்படி சொல்வான். இரண்டு முறை பதிவு செய்து இரண்டு முறையும் ரத்து செய்தேன். டெஸ்ட் செய்யாதவரை எனக்கு எதுவும் இல்லை என்று ஒரு கணக்கு. பைத்தியக்காரக் கணக்கு, ஆனால் மூன்று வாரம் அதில்தான் ஓட்டினேன்.

அப்போதுதான் குழுவிலிருந்து போன். தென்காசிப் பக்கத்துக்காரர் ஒருவர், மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி, இரண்டு நாளில் ஆபரேஷன், ஓ நெகட்டிவ் வேண்டும். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு யோசனை ஓடியது. கொடுக்கிற ரத்தத்தை எப்படியும் டெஸ்ட் செய்வார்கள். ஏதாவது இருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள், இல்லையென்றால் இல்லை. எந்தக் கதவையும் தட்டாமல், யாரிடமும் வாயைத் திறக்காமல் வேலை முடிந்துவிடும். நல்லவள் என்ற பெயரும் கூடவே வரும். வருகிறேன் என்றேன்.

காலை பத்து மணிக்கு ரத்த வங்கி வாசலில் அந்தத் தென்காசிக்காரர் நின்றிருந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், கையில் எனக்காக வாங்கிய மாம்பழ ஜூஸ் பாட்டில். உள்ளே படிவம் நிரப்பும் ஊழியரை எல்லாரையும்போல நானும் பையா, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவேன்; அவருக்கு என்னைப் பல வருடமாகத் தெரியும். எடை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் கேட்டு எழுதினார். பேனா மூன்றாவது பகுதிக்கு வந்தது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தார். "இதெல்லாம் உங்களுக்கு இல்லை மேடம்" என்று இந்தியில் சொல்லிக்கொண்டே மளமளவென்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்தார். மரியாதையாகத்தான் அடித்தார். கையெழுத்துக்காகப் படிவத்தை என் பக்கம் திருப்பினார்.

அவர் கேட்காமல் விட்ட கேள்விகளைப் படித்தேன். கடந்த ஒரு வருடத்தில் புதியவருடன் உடலுறவு உண்டா. இல்லை. துணைக்குத் தொற்று உண்டா. இல்லை. கீழே சின்ன எழுத்தில், டெஸ்ட் முடிவு தெரிந்துகொள்வதற்காக ரத்தம் கொடுக்காதீர்கள், ஆரம்ப நாட்களில் தொற்று டெஸ்டில் தெரியாமலும் போகலாம் என்று இருந்தது. எத்தனையோ தடவை கையெழுத்துப் போட்ட இடம். ஒரு நாளும் படித்ததில்லை.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்த மனிதர் ஜூஸ் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடவே கோபமும் வந்தது, பையா மேல்தான். ஏன், எனக்கு இல்லையா? என்னைப் பார்த்தால் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடத் தோன்றாதா?

"பையா, அந்தப் பகுதியை அடிச்சிட்டு மறுபடி எழுதுங்க. என்கிட்ட கேட்டு எழுதுங்க" என்றேன்.

அவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் காது சிவந்துபோய், படிவத்தைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனார். டாக்டர் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. ஒரு வருடத்துக்கு ரத்தம் கொடுக்க வேண்டாம், இந்தக் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் டெஸ்ட் அறை இருக்கிறது, இன்றைக்கே போங்கள் என்றார்.

வெளியே வந்து அந்த மனிதரிடம் ஹீமோகுளோபின் குறைவு என்று பொய் சொன்னேன். ஒரு நிமிடம் அவர் முகம் செத்துவிட்டது. பிறகு ஜூஸை என் கையில் திணித்தார். மனைவிக்கு வாங்கிய பையிலிருந்து இரண்டு மாதுளையை எடுத்துக் கொடுத்தார்.

"நீங்க மொதல்ல ஒடம்பப் பாருங்கக்கா. இந்த ஊர்ல ஒங்களப் பாத்துக்கிட யாரு இருக்கா?" என்றார்.

யாரும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் கீழே இறங்கினேன்.

கீழ்த்தளத்தில் ஆலோசகர் பெண் எல்லாவற்றையும் சாதாரணமாகக் கேட்டாள், நானும் சாதாரணமாகச் சொன்னேன். மூன்று வாரம் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது நாலு நிமிடத்தில் முடிந்தது. வந்தாலும் ஊசியில் குணமாகிற நோய்தான் என்றாள். கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டாள். மடியில் இருந்த மாதுளையைப் பார்த்துக்கொண்டு இல்லை என்றேன். சாயங்காலம் வந்த முடிவில் ஒன்றும் இல்லை. மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்தார்கள், அப்போதும் இல்லை. நல்ல செய்தியைச் சொல்ல போனை எடுத்தேன். பெயர்களைக் கீழே வரை தள்ளிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். அந்தச் செய்தியை யாரிடம் சொன்னாலும் முதலில் கெட்டதைச் சொல்ல வேண்டும்.

தென்காசிக்காரரின் மனைவிக்கு மறுநாளே விமான நிலையத்தில் வேலை செய்யும் ஒரு தம்பியின் ரத்தம் கிடைத்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எனக்கு ஹீமோகுளோபின் குறைவு என்று அவர் சொல்லிவிட்டதில், குழுவில் எனக்குத்தான் ஓயாமல் வைத்தியம். முருங்கைக்கீரை, பேரீச்சை, பீட்ரூட், இரும்புச் சட்டியில் சமையல். வாழ்க்கையில் அத்தனை பேர் என்னை விசாரித்ததே இல்லை. எல்லாம் எனக்கு இல்லாத ஒரு நோய்க்கு. தென்காசிக்காரர் ஊருக்குப் போன பிறகும் போன் செய்து, "ரத்தம் ஏறிட்டாக்கா?" என்று கேட்டார். ஏறிவிட்டது தம்பி என்றேன்.

ஒரு வருடம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். போனேன். அதே பையா, அதே மேஜை. மூன்றாவது பகுதிக்கு வந்ததும் இந்த முறை பேனா நின்றது. குரலைத் தாழ்த்தி, எல்லாரிடமும் கேட்பதுபோல ஒவ்வொரு கேள்வியையும் முழுசாகப் படித்தார். கடந்த ஒரு வருடத்தில் புதியவருடன் உடலுறவு உண்டா, மேடம்?

கேட்டதற்கு அவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் போல இருந்தது.

"இல்லை பையா. யாரும் இல்லை" என்றேன்.

அன்று கேட்காமலே அடித்த அதே கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, அடுத்த கேள்விக்குப் போனார்.