பைக்குள் இல்லாமல் போன இரண்டாவது கமரா

அப்ராஸ் நல்ல மனிதன் என்று கிண்ணியாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு அந்த நல்ல மனிதனை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அவனுடைய மனைவி ரிஸ்லா என் சிநேகிதி. திருகோணமலை நகரில் ஒரே மருந்துக்கடையில் வேலை செய்கிறோம். விடுமுறை நாட்களில் அவள் கல்யாண வீடுகளுக்குப் போய்ப் பெண்கள் பக்கத்தைப் படம் எடுப்பாள், அதுவும் பிலிம் கமராவில். வீட்டுக் குளியலறையை இருட்டாக்கி, தானே கழுவி, அச்சுப் போட்டு, நெகட்டிவையும் சேர்த்து மணப்பெண்ணின் கையில் கொடுத்துவிடுவாள். அதன்பிறகு அந்தப் படம் வேறு யாரிடமும் இருக்காது. இதற்காகவே அவளைத் தேடி வருகிறார்கள். இது மார்க்கச் சட்டம் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். “அந்தப் பிள்ளை வேணாமெண்டு சொல்லுது. அது காணாதா?” என்பாள்.

அதனால் எங்கே போனாலும் இரண்டு கமரா கொண்டுபோவாள். ஒன்று பழுதானாலும் கைபேசியைத் தொட வேண்டி வரக்கூடாது.

மூதூரில் றிஷானாவுக்குக் கல்யாணம். இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய படம் ஒன்று தோழியின் கைபேசியிலிருந்து கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் போனது. சாதாரணப் படம்தான், தலையில் முக்காடு இல்லை, அவ்வளவே. முகம் தெரியாதவர்களெல்லாம் அதன் கீழே எழுதியதை நானும் வாசித்தேன். இங்கே எழுத மாட்டேன். அந்தப் பிள்ளை ஒரு மாதம் வகுப்புக்குப் போகவில்லை. தன் கல்யாணத்தில் பெண்கள் அறை வாசலில் பேசின் வைத்து, வந்தவர்களின் கைபேசிகளையெல்லாம் அதற்குள் போட வைத்திருந்தாள்.

வெளிச்சம் திருப்பும் வெள்ளைத் துணியைப் பிடிக்க நானும் போயிருந்தேன். நாலாவது படத்திலேயே கமரா இறுகிவிட்டது. உள்ளே கண்ணாடி மேலேறி அப்படியே நின்றது. பிலிம் சுற்றும் நெம்புகோலைத் தள்ளினால் அசையவில்லை. ரிஸ்லா பதறவில்லை. பையின் அடியில் கையை விட்டாள். வந்தது கமரா அல்ல, ஒரு மஸ்கட் இனிப்புப் பெட்டி.

முற்றத்துக்குப் போய் அப்ராஸுக்கு அழைத்தாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

“ஓ, அதுவா? நிலாவெளியில என்ட கூட்டாளி நௌபர்ர கெஸ்ட் ஹவுஸ் அலுமாரியில வடிவா இரிக்கட்டுமெண்டு குடுத்தன். ரெண்டு கமரா என்னத்துக்கு உனக்கு? பொண்ணு வீட்டுக்கு வெறுங்கையோட போகேலாது எண்டுதான் மஸ்கட்டும் வெச்சன்.”

சுற்றுலா வந்தவர்கள் பார்த்து ரசிக்க அவளுடைய கமரா! கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. நானாக இருந்தால் அந்தப் பெட்டியை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன்.

றிஷானாவின் உம்மா தன் கைபேசியை எடுத்து வந்தார். “இதில எடுங்க மகள். என்ட போன்தானே, ஆருக்கும் போகாது.” றிஷானா ரிஸ்லாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ராத்தா, நீங்க சொன்னா சரி.”

கல்யாண நாளில் ஒரு படம்கூட இல்லாமல் அந்தப் பிள்ளையை விட ரிஸ்லாவுக்கு மனம் வரவில்லை. ஆருக்கும் அனுப்பக்கூடாது என்று உம்மாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு, இரண்டே படம் எடுத்தாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். நானும் துணியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். அந்தக் கோபம் எனக்கு என்மேலும் உண்டு.

பின்னேரம் கிண்ணியாவுக்குத் திரும்பி வந்தோம். அப்ராஸ் தேத்தண்ணி போட்டு வைத்திருந்தான். சிரித்த முகத்தோடு கைபேசியை நீட்டினான்.

“பாரு, என்ன வடிவா வந்திரிக்கி! இதுக்குப் போய் ரெண்டு கமராவாம்.”

திரையில் றிஷானா. உம்மா கட்டாரில் இருக்கும் தன் தங்கச்சிக்கு மட்டும்தான் அனுப்பினாராம். தங்கச்சி குடும்பக் குழுவில் போட, அங்கிருந்து யாரோ அப்ராஸுக்கு அனுப்பியிருந்தார்கள். அவன் சும்மா இருப்பானா? “என்ட மனுசி எடுத்த படம்” என்று எழுதி, தன் கிரிக்கட் குழுவுக்கும் கடைக்காரர் குழுவுக்கும் அனுப்பியிருந்தான். பெருமையாம்!

ரிஸ்லா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். அவளோ மற்றவர்கள் சொல்லி அந்தப் பிள்ளை அறியக்கூடாது என்று உடனே ஸ்பீக்கரைப் போட்டு றிஷானாவுக்கு அழைத்தாள்.

“தங்கச்சி, உங்கட படம் வெளியில போயிட்டு. எடுத்தது நான். என்ட மனுசனும் அனுப்பியிரிக்காரு. என்னை ஏசுங்க.”

அந்தப் பக்கம் கல்யாண வீட்டுச் சத்தம் கேட்டது.

“எத்தின பேர் பாத்திருப்பாங்க, ராத்தா?”

ரிஸ்லா கைபேசியை அப்ராஸின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“நீங்க சொல்லுங்க,” என்றாள்.