மல்லிக்கு ஒரு முகத்திரை

போன மாதம் ஒரு குதிரை என்னை உதைக்கப் பார்த்தது.

அதுவும் யார்? மல்லி! தேவனாம்பட்டினம் கடற்கரையில் பார்க்கும்போதெல்லாம் என் கையால் கேரட் வாங்கித் தின்கிற வெள்ளைக் குதிரை. பிள்ளைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு மணலில் ஒரு ரவுண்டு போய்வருகிற சாது. அன்று நான் பக்கத்தில் போனதும் காலைத் தூக்கித் தரையில் ‘தொம்’மென்று அடித்தது. நான் பின்வாங்கிய வேகத்தில் மூட்டுவலியே மறந்துபோனது...

“கிட்ட வராதீங்கக்கா!” என்று கத்தினார் ஏழுமலை. மல்லியின் சொந்தக்காரர். குமராட்சிப் பக்கம் மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். குதிரை ஆசையில் ஸ்டியரிங்கை விட்டு லகானைப் பிடித்தவர். “நாலு நாளா இதுக்கு என்னமோ ஆயிடுச்சிக்கா. தலைய உதறுது, குதிக்குது. இப்பதான் ஒரு பாப்பா கீழ விழப் பாத்துச்சி. அவுங்க அப்பா என்னை அடிக்காத குறை.”

லகானை இழுத்துப் பிடித்துக்கொண்டே மேலே சொன்னார். “வெள்ளிக்கிழமை சிதம்பரத்துல மாப்பிள்ளை ஊர்வலம். மேளச் சத்தத்துல மாப்பிள்ளைய தள்ளிவுட்டுடுச்சின்னா? பேசாம வித்துடலாம்னு பாக்கறேன்.”

“மொதல்ல என்னை வித்துட்டு அப்பறம் அத வித்துக்க மாமா!” பக்கத்தில் சுண்டல் மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி அஞ்சலை சீறினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “அதுக்குக் கோவம் இல்லக்கா. கண்ணப் பாருங்க.”

தள்ளி நின்றே பார்த்தேன். இரண்டு கண் ஓரங்களிலும் மை அப்பியதுபோல ஈக்கள். நீர் வழிந்துகொண்டே இருந்தது. கால்களில், கடிக்கிற ஈக்கள் உட்கார்ந்த இடமெல்லாம் பொட்டுப் பொட்டாக ரத்தம். கத்திரி வெயில், கூப்பிடு தூரத்தில் கருவாடு காய்கிறது — ஈக்குக் கேட்கவா வேண்டும்?

நம் வீடுகளிலும் இப்படித்தானே? யாராவது இரண்டு நாள் சிடுசிடுத்தால் ‘ஆளே மாறிட்டாரு’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். எது கடிக்கிறது என்று யார் குனிந்து பார்க்கிறோம்?

நானும் என் பங்குக்கு ஒரு யோசனை சொன்னேன். கரப்பான்பூச்சிக்கு அடிக்கிற ஸ்பிரே வீட்டில் இருக்கிறது, கொண்டுவரட்டுமா? நல்லவேளை, அஞ்சலை அதைக் காதிலேயே வாங்கவில்லை. மறுநாள் காலை மல்லியைக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனார்கள். நானும் கூடப் போனேன்.

டாக்டர் ஓர் இளம்பெண். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். “இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா புண்ணாகியிருக்கும்,” என்று சொட்டு மருந்து எழுதினார். பிறகு குதிரையின் பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

“வால் முடியை யார் வெட்டினது?”

அப்போதுதான் நானும் கவனித்தேன். தரையைத் தொடுகிற மல்லியின் வால், பெயின்ட் பிரஷ் மாதிரி குட்டையாகிக் கிடந்தது.

“நான்தான் மேடம்...” என்றார் ஏழுமலை. “கல்யாணத்துக்கு ஸ்டைலா இருக்கட்டும்னு...”

“ஈ விரட்ட அதுக்கு இருக்கறது அது ஒண்ணுதாங்க. அதை வெட்டிட்டு, உதைக்குதுன்னா எப்படி?”

ஏழுமலை மல்லியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. அஞ்சலை கூட அப்போது அவரைத் திட்டவில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கொட்டகையில் லத்தியை இரண்டு வேளையும் அள்ளித் தூரமாகக் கொட்ட வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. ஃபேன் போட்டால் காற்றில் ஈ உட்கார முடியாது. முகத்துக்கு வலை கட்டலாம், ஆனால் கண்ணில் உரசக் கூடாது. “வீட்டு ஸ்பிரே கிஸ்பிரே எதையும் அடிச்சிடாதீங்க!”

நான் சுவரில் இருந்த ஆட்டுத் தடுப்பூசி போஸ்டரை மிகக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுப் பழைய கொசுவலையும் தையல் மெஷினும் களத்தில் இறங்கின. அஞ்சலை தைத்த முதல் வலை இமையில் உரசியது. இரண்டாவது மூக்குக்கு இறங்கிவிட்டது. மூன்றாவதில் கண்ணுக்கு மேலே தடிமனாக ஒரு பட்டை வைத்து, வலை முகத்திலிருந்து விலகி நிற்கும்படி செய்தாள். மல்லி ஒருமுறை தலையை ஆட்டிப் பார்த்தது. வலை விழவில்லை. மல்லி சும்மா நின்றது!

அவர்கள் வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனை ஏழுமலை கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டார். “எனக்கு ஒருநாளாவது மாமா இப்பிடி விசிறி வுட்டிருக்குதா பாருங்கக்கா,” என்று அஞ்சலை முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். அழைப்பிதழே இல்லாமல் நான் போன முதல் கல்யாணம் அது. வெயில் தாழ்ந்தும் ஈ போகவில்லை. மல்லி சரிகை ஓரம் வைத்த வலையோடு நின்றது.

“அந்த வலையக் கழட்டுங்க, போட்டோ நல்லா வராது,” என்றார் போட்டோகிராபர்.

“முடியாதுங்க,” என்றார் ஏழுமலை. “வேணும்னா வேற குதிரை பாத்துக்கங்க.”

விற்றுவிடலாம் என்று சொன்ன அதே மனிதர்! மாப்பிள்ளை குனிந்து மல்லியின் கண்ணைப் பார்த்தார். “இருக்கட்டும் வுடுங்க. இந்தக் கோட்டுல எனக்குத்தான் கசகசங்குது. அதுவாவது நிம்மதியா வரட்டும்.”

மேளம் முழங்கியது. மல்லியின் காது ஒருமுறை துடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது நடந்துகொண்டிருந்தது... அவ்வளவு அழகாக. அஞ்சலை லகானைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். ஏழுமலை பின்னால், ஒரு துண்டை இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டே வந்தார் — மண்டப வாசல் வரைக்கும்.

வால் பழையபடி வளர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகுமாம். வருத்தமாக இருக்கிறது என்றேன் அஞ்சலையிடம்.

“மெதுவா வளரட்டும்க்கா. அதுவரைக்கும் ஈ வெரட்டிக்கிட்டு மாமா எங்கயும் ஊர் சுத்தாம கூடவே இருக்கும்ல?”