பேரைச் சொல்லாத ஜொவிட்டா

தி. நகரில் கல்யாணப் புடவை எடுக்கப் போகிறவர்கள் ஒரே நாளில் வேலையை முடித்ததாகச் சரித்திரமே இல்லை. பணம் கட்டிய பார்சலை டெலிவரி கவுண்டரிலேயே விட்டுவிட்டு நகைக்கடைக்குப் போவார்கள். அங்கே கால் வலிக்கும், பசிக்கும், அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்கள். மறுநாள் சாவகாசமாக வந்து டோக்கனை நீட்டுவார்கள். இது ஊருக்கே தெரியும், ஸ்ரீஹரிக்கு மட்டும் தெரியாது. அவன் கைக்குட்டைகூட போனில் வாங்குகிற ஆள்.

ஆழ்வார்பேட்டை மென்பொருள் கம்பெனி ஒன்றில் ஜொவிட்டாவின் டீமில் இருந்தான் அவன். அய்யாதுரை அண்ணாச்சியின் தி. நகர் ஜவுளிக்கடைக்கு அவர்கள்தான் சாஃப்ட்வேர். டோக்கன் எண் தினமும் காலையில் ஒன்றிலிருந்து தொடங்கும்படி ஸ்ரீஹரி மாற்றி எழுதினான். ஜொவிட்டா பார்த்துச் சரியென்றாள். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் நேற்றைய டோக்கனும் இன்றைய டோக்கனும் ஒரே எண்ணோடு வந்து நின்றன. ஆவணிக் கல்யாணத்துக்கு எடுத்த முகூர்த்தப் புடவை யார் வீட்டுக்கோ போய்விட்டது. கல்யாண வீட்டார் கைக்கு வந்தது பூப்போட்ட நைட்டி.

ஜொவிட்டா அவனைத் திட்டவில்லை. "கிளம்பு, நானும் வரேன்" என்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஆதம்பாக்கம் வரை அலைந்து புடவையை மீட்டுக் கொடுத்தாள். அண்ணாச்சியின் கோபம்தான் மீளவில்லை. தப்புப் பண்ணினவனை வேலையை விட்டுத் தூக்கச் சொன்னார்.

மேலாளர் மகேஷ் அவளைக் கூப்பிட்டான். "பேரைச் சொல்லுங்க ஜொவிட்டா, முடிச்சிடலாம்."

"சொல்ல மாட்டேன் மகேஷ். நான் ஓகே பண்ணித்தான் அது கடைக்குப் போச்சு. என் பேரைப் போட்டுக்கோங்க."

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீங்கதான் கிளம்பணும்."

"சரி."

சொல்லிவிட்டாளே தவிர, வேலையை விடும் நிலையில் அவள் இல்லை. கணவன் ஷெல்டனுக்கு வேலை போயிருந்த நேரம் அது. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஆனால் அவளுடைய பழைய கம்பெனியில் தப்புச் செய்தவர் பெயரை எல்லோருக்கும் மெயிலில் போடுவார்கள். அதன் பலன், தப்புகள் தாராளமாக நடந்தன, ஒத்துக்கொள்ளத்தான் ஒரு ஜென்மமும் இல்லை. அந்த லட்சணத்தைத் தன் டீமுக்குக் கொண்டுவரக்கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள்.

மறுநாள் டீமை உட்காரவைத்துச் சொன்னாள்: "இனிமே புரோகிராம் எழுதறவங்க முதல்ல டெலிவரி கவுண்டர்ல ஒரு நாள் நின்னு பாருங்க. தப்பாயிடுச்சுன்னா உடனே குரூப்ல போடுங்க."

"இன்னா ஜொவிட்டா, மகேஷ் இருக்கற குரூப்லயா? நாங்களே போய் மாட்டிக்கணுமா?" என்றாள் கீர்த்தி. டீமில் வாய்த்துடுக்கு அவளுக்குத்தான் அதிகம்.

"ஆமா. திட்டறவங்க என்னைத் தாண்டித்தான் உங்ககிட்ட வரணும்."

கீர்த்தி நம்பின மாதிரி தெரியவில்லை. யார்தான் நம்புவார்கள்? இந்த மாதிரி வீரவசனம் எல்லா ஆபீசிலும் கிடைக்கும்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை காலை, பெசன்ட் நகர் மாதா கோயிலில் பாடற்குழுப் பயிற்சியில் இருந்தாள் ஜொவிட்டா. போன் அதிர்ந்தது. குரூப்பில் கீர்த்தி எழுதியிருந்தாள்: 'நேத்து டோக்கன் ஒண்ணுகூட ஸ்கிரீன்ல வரல. தப்பு என்னோடதுதான், நேத்து ராத்திரி நான் மாத்தினது. கடை கவுண்டர்லதான் இருக்கேன், திறக்க இன்னும் நேரம் இருக்கு. யாராவது வாங்க.'

அடுத்த நொடி ஸ்ரீஹரி பதில் போட்டான்: 'நான் வரேன்.'

ஜொவிட்டாவுக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. தப்பு வெளியே தெரியும் முன்பே ஒருத்தி துணிந்து சொல்லிவிட்டாள்; அந்தத் துணிவே இப்போது தன் வேலைக்கு உலை வைக்கப் போகிறது. மகேஷ் அழைத்தான். அவள் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்தாள்.

"பார்த்தேன்" என்றான்.

"நான் கிளம்பணும்னா கிளம்பறேன் மகேஷ். இப்ப கீர்த்திகிட்ட மட்டும் பேசாதீங்க. கடை திறக்கறதுக்குள்ள அவங்க முடிச்சிடுவாங்க."

 

"கதவைக் கொஞ்சம் லேட்டா திறக்கச் சொல்லி அண்ணாச்சிகிட்ட நான் பேசறேன். நீங்க அவங்களோட இருங்க."

"யார் பண்ணினதுன்னு கேப்பாரே?"

"கேக்கட்டும். என் பேரைச் சொல்லிக்கறேன்."