வியாழக்கிழமைப் பதினான்கு மைல்

கொடைக்கானலில் எனக்கு விதை உருளைக்கிழங்கு உத்தியோகம். பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி என்று மேல்மலைக் கிராமங்களுக்குப் போய், விவசாயத் துறை கொடுத்த விதைக்கிழங்கு நோயில்லாமல் முளைத்திருக்கிறதா என்று வயலில் குனிந்து பார்த்து எழுதிக்கொண்டு வரவேண்டும். அறுபதுகளின் தொடக்கம் அது. காலையில் ஒரு பஸ் போகும், சாயங்காலம் ஒன்று திரும்பும். அதைத் தவறவிட்டால் முட்டைக்கோஸ் லாரியில் மூட்டைமேல் உட்கார்ந்து வரவேண்டியதுதான். சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்குத் துறை மைல் கணக்கில் படி கொடுத்து வந்தது. அந்தப் படிதான் எங்களுக்குக் கார் ஆசையைக் கிளப்பியது.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். முன்பணத்துக்கு எங்கள் சேமிப்போடு அவளுடைய இரண்டு வளையல்கள். மீதிக்குத் திண்டுக்கல்லில் ஒரு பைனான்ஸ்காரரிடம் இரண்டு வருடத் தவணை. தவணையில் பாதியைப் படி கட்டிவிடும், மீதியை அவள் சம்பளம் கட்டும். பெட்ரோல் வீணாகக்கூடாது. "வேலைக்கு மட்டுந்தான் வண்டி. சினிமாவுக்குக் கேட்டா நானே ஏற மாட்டேன்" என்றாள்.

வாங்கியது பழைய வண்டி. அட்டுவம்பட்டியில் இருந்த ஒரு டாக்டரின் கறுப்பு நிறச் சின்னக் கார். டாக்டர் மழைக்காலத்தில் காலமாகிவிட்டார். மதுரையில் வேலை பார்த்த அவருடைய மகன்தான் விற்றார். ஒரே ஒரு சாவி கொடுத்தார். இன்னொன்று எங்கோ தொலைந்துவிட்டதாம்.

இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வந்தார். கம்பளிக் குல்லாயைக் கழற்றாமலே விண்ணப்பத்தை விரித்தார்.

"வண்டிய எங்க விடுவீங்க சார்?"

"வீட்டு வாசல்லதான்."

"வாசல்ல விட்டா திருட்டுக்குக் கம்பெனி ஒத்துக்காது. பூட்டுற ஷெட்டு ஏதும் கெடக்கா பாருங்க. ஒங்களத் தவிர வேற யாரு ஓட்டுவாங்க?"

"யாரும் இல்ல."

அப்படியே எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் வாடகை வீட்டில் ஷெட் இல்லை. டாக்டரின் மகனிடம் சொன்னபோது, "எங்க ஷெட்லயே நிக்கட்டும் சார். அம்மா தனியா இருக்காங்க, கார் நிக்கிறதப் பாத்துப் பழகிட்டாங்க" என்றார். ஆகவே கார் கைமாறியும் இடம் மாறவில்லை. புதிதாகப் பித்தளைப் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டேன். இரண்டு சாவிகளில் ஒன்றை, மழைத்தண்ணீர் உள்ளே வந்தால் திறந்து பார்க்க வசதியாக இருக்கட்டுமென்று, அந்த அம்மாவிடமே கொடுத்தேன். அறுபது வயதைத் தாண்டிய, ஒல்லியான மனுஷி. நான் வண்டி எடுக்கும்போதெல்லாம் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பார்.

படிக்காக மைல் மீட்டரை ஒவ்வொரு நாளும் நோட்டில் குறிக்கவேண்டும். எடுக்கும்போது ஒரு தரம், விடும்போது ஒரு தரம். இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை காலையில் மீட்டர் பதினான்கு மைல் கூடுதலாகக் காட்டியது. வியாழக்கிழமை எனக்கு அலுவலக நாள், நடந்தே போய்விடுவேன். வண்டி அன்று ஷெட்டைவிட்டு வெளியே வருவதில்லை.

"தூக்கக் கலக்கத்துல தப்பா எழுதியிருப்பீங்க" என்றாள் மனைவி.

அடுத்த வெள்ளிக்கிழமையும் பதினான்கு.

மூன்றாவது வாரம் மனைவியின் பையிலிருந்து சாக்பீஸ் துண்டு ஒன்றை எடுத்துப்போய், புதன்கிழமை மாலை டயரிலும் அதை ஒட்டிய சிமெண்ட் தரையிலும் சேர்த்தாற்போல் ஒரு கோடு கிழித்தேன். வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்திலிருந்து நேராக ஷெட்டுக்குப் போனேன். பூட்டு பூட்டியபடி தொங்கியது. உள்ளே தரைக்கோடு இருந்தது, டயர்க்கோட்டைக் காணோம். கையைப் பானெட்டின்மேல் வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. கதவைத் திறந்தபோது நீலகிரித் தைல வாசனை. எங்கள் வீட்டில் யாரும் தைலம் பூசுவதில்லை.

ஷெட்டுக்கு வெளியே அந்த அம்மா காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு யாராச்சும் வந்தாங்களாம்மா?"

"யாரும் வரலியே தம்பி. நாய்கூடக் கொலைக்கல."

யாரிடம் சொல்வது? வண்டியை வேறு யாரிடமும் கொடுக்கக்கூடாது என்பது பைனான்ஸ் பத்திரத்தில் முதல் நிபந்தனை. தெரிந்தால் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வேறு யாரும் ஓட்டுவதில்லை என்று இன்ஷூரன்ஸுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். துறைக்குத் தெரிந்தால் பொய்ப் படி வாங்கினேன் என்பார்கள். போலீஸுக்குப் போனால், திருடன் வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்திப் பூட்டிவிட்டா போவான் என்று சிரிப்பார்கள். மனைவி தூங்கிவிட்டாள் என்று நானும், நான் தூங்கிவிட்டேன் என்று அவளும் நினைத்துக்கொண்டு விழித்துக் கிடந்தோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பூம்பாறையில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் பூண்டு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லாரி டிரைவர் என் காரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"டாக்டரய்யா வண்டில்ல இது? போன வியாழக்கெழம ஏழாம் மைல்கிட்ட எதுக்க வந்தாக. மேகம் எறங்கி ரோடே தெரியல. நான்தான் லாரிய ஒதுக்குனேன்."

"யாரு வந்தாங்க?"

"டாக்டரய்யாதான் சார். அதே தொப்பி, கழுத்துல அதே மப்ளரு. வழக்கம்போலக் கையத் தூக்கிக் காட்டுனாக. பக்கத்துல போர்வையப் போத்திக்கிட்டு யாரோ ஒக்காந்திருந்தாங்க."

"டாக்டர் எறந்து அஞ்சு மாசம் ஆச்சே."

அவர் தோளில் கிடந்த துண்டை மெல்ல எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "இத்தன நாளும் நான் வடக்க லாரி ஓட்டிக்கிட்டு இருந்தேன் சார். எனக்குத் தெரியாது" என்றார். அன்றைக்கு அவர் மேற்கொண்டு லோடு ஏற்றவில்லை, பாதி மூட்டையோடு வெரசாக் கிளம்பிவிட்டார்.

அந்த வியாழக்கிழமை நான் அலுவலகத்துக்கு லீவு போட்டேன். காலை பஸ்ஸில் ஏறி ஏழாம் மைலில் இறங்கிக்கொண்டேன். கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார். அங்கே இறங்குவதற்கு ஒன்றும் கிடையாது. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் யூக்கலிப்டஸ் மரங்கள், மைல்கல். மரத்துக்குப் பின்னால் நின்றேன். பதினொரு மணிக்குப் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தது. முதலில் எதிர்ப்பக்கத்து மலை போயிற்று, பிறகு ரோடு, பிறகு என் செருப்பு. இலைகளிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தவிரச் சத்தமே இல்லை.

பிறகு இஞ்சின் சத்தம் கேட்டது. என் வண்டிதான். இரண்டாவது கியரில் அது இருமுகிற இருமல் எனக்குத் தெரியும். மஞ்சளாக இரண்டு விளக்குகள் தெரிந்தன. வண்டி மைல்கல்லுக்கு எதிரே மெதுவாக ஒதுங்கி நின்றது. கண்ணாடிக்குள் தொப்பி. தொப்பிக்குக் கீழே மப்ளர். என் கால் இரண்டும் மரத்தோடு மரமாகிவிட்டன. உள்ளே இருந்த உருவம் பிளாஸ்கைத் திறந்து இரண்டு தம்ளர்களில் ஊற்றியது. ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு இன்னொன்றை இடப்பக்கம் வைத்தது.

எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. கண்ணாடியைத் தட்டினேன். தொப்பி திரும்பியது. அதற்குள்ளிருந்து நரைத்த முடிக்கற்றை ஒன்று நழுவிக் கன்னத்தில் விழுந்தது. டாக்டரின் மனைவி.

"ஏறுங்க தம்பி, நனையாதீங்க" என்றார். முன் கதவைத் தொடப்போனேன். "பின்னால ஒக்காருங்க."

பின் சீட்டில் உட்கார்ந்தேன்.  அவராகவே பேசினார்.

"கடைசி ரெண்டு வருசம் அவுகளுக்குக் கண்ணு சரியாத் தெரியல தம்பி. வெளிய சொன்னா யாரும் வைத்தியத்துக்கு வர மாட்டாகன்னு பயம். எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்தாக. பொம்பள ஓட்டுனா ஊரே பாக்கும்ல, அதான் அவுக தொப்பிய நான் போட்டுக்கிட்டேன். அவுக போர்வையப் போத்திக்கிட்டு இந்தப் பக்கம் ஒக்காந்துக்குவாக. ரெண்டு வருசமா ஊரு பாத்தது என்னையத்தான். வியாழக்கெழம பூம்பாறைக்கு வைத்தியத்துக்குப் போவோம். போற வழியில இங்க நிறுத்திக் காப்பி குடிப்போம். இப்ப பூம்பாறை வரைக்கும் போறதில்ல, இங்கருந்தே திரும்பிருவேன்."

"சொல்லியிருக்கலாமேம்மா."

"தொலஞ்சு போச்சுன்னு சொன்ன சாவி எங்கிட்டதான் இருக்கு. சொன்னா மகன் அத வாங்கிருவான். பெட்ரோலுக்குக் காசு எடுத்துத்தான் வச்சிருக்கேன். எப்படிக் குடுக்கன்னு தெரியல."

லாரி டிரைவர் சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "நீங்க தனியாத்தான வர்றீங்க?"

"ஆமா."

"போன வாரம் பாத்த லாரிக்காரர், பக்கத்துல ஒருத்தர் போர்வை போத்தி ஒக்காந்திருந்ததாச் சொன்னாரே."

அவர் திரும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகள் மட்டும் இறுகின. "இந்தப் பக்கமா?" என்று இடப்பக்கத்தைக் காட்டாமலே கேட்டார்.

"ஆமா."

"நல்லாத் தெரிஞ்சுதாமா?" என்றார். அந்தக் குரலில் பயம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  "பூட்ட மாத்தறது பெரிசில்ல. மாத்திட்டா அந்தம்மா வியாழக்கெழம என்ன பண்ணுவாங்க?" என்றாள். ஏஜெண்டிடம் போய், இன்னொரு ஓட்டுநர் பெயரைச் சேர்க்கமுடியுமா என்று கேட்டேன். லைசென்ஸ் இருந்தால் சேர்க்கலாம், பிரீமியம் கொஞ்சம் கூடும் என்றார். பைனான்ஸ்காரரும், இன்ஷூரன்ஸில் பெயர் இருந்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். அந்த அம்மாவிடம் லைசென்ஸ் ஏது? பழகுவதற்கான அனுமதி வாங்கி, சிவப்பில் எழுதிய எல் போர்டு கட்டினோம். நான் முன்னால் உட்காரவேண்டும் என்பது சட்டம். அவர் ஒருநாளும் விடவில்லை. பின் சீட்டிலிருந்தே அந்த ஒரு மாதத்தை ஓட்டினேன்.

லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கும் இன்ஸ்பெக்டர் வத்தலக்குண்டுக்கு வரும் நாளில், காலையில் வெள்ளனே நானே மலைப்பாதையில் வண்டியை இறக்கினேன். அம்மாவும் என் மனைவியும் பின்னால் இருந்தார்கள். மைதானத்தில் நாங்கள் இருவரும் இறங்கி ஒரு புளியமரத்தடியில் நின்றோம். நல்ல வெயில், மேகமே இல்லை. அவர் ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தார். தொப்பி இல்லை, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகியிருந்தார். இன்ஸ்பெக்டர் காகிதங்களோடு வந்து இடப்பக்க முன் கதவின் கைப்பிடியைப் பிடித்தார். குனிந்து உள்ளே பார்த்தார். கதவைத் திறக்காமல் கையை எடுத்துக்கொண்டார்.

எங்கள் பக்கம் திரும்பி, "டெஸ்டுக்கு வரும்போது முன் சீட்டைக் காலியா விடணும்னு தெரியாதா உங்களுக்கு? பெரியவரா இருக்காரேன்னு பாக்குறேன்" என்றார். பிறகு பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

என் மனைவி என் கையைப் பிடித்தாள். வண்டி மைதானத்தைச் சுற்றியது, பின்னால் வந்தது, திரும்பியது. எனக்கு முன் சீட்டு காலியாகத்தான் தெரிந்தது. எத்தனை முறை பார்த்தாலும் காலியாகத்தான் தெரிந்தது. இறங்கிய இன்ஸ்பெக்டர், "அம்மா நல்லா ஓட்டுறாங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னவென்று கேட்பது?

அதன் பிறகு ஒன்றேகால் வருடம் வியாழக்கிழமைகள் அவருடையவையாக இருந்தன. அவர் பெட்ரோலுக்கும் கூடுதல் பிரீமியத்துக்கும் காசை ஒரு கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார். நான் அந்த மைல்களைத் துறைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவேன். பிறகு அவருக்கு மூட்டுவலி அதிகமாகி, மகன் மதுரைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். எங்கள் வண்டியில்தான் கொண்டுபோய் விட்டோம். வழியெல்லாம் பின் சீட்டில் மனைவியோடு பேரிக்காய் ஊறுகாய் போடும் பக்குவம் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். மகன் வீட்டு வாசலில் இறங்கியவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போய், முன் கதவைத் திறந்து பிடித்தபடி சற்று நின்றார். யாரோ கால் ஊன்றி நிதானமாக இறங்கும்வரை காத்திருப்பதுபோல. பிறகு கதவைச் சாத்தினார்.

"வெரசாக் கெளம்புங்க தம்பி. மேகம் எறங்குறதுக்குள்ள மலையேறிருங்க."

வண்டி தெருமுனை திரும்பியதும் நிறுத்தச் சொல்லி மனைவி முன்னால் வந்தாள். சீட்டைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.  வத்தலக்குண்டு வந்ததும் அவள்தான் பசிக்கிறது என்றாள். இறங்கி ஆளுக்கு நாலு இட்லி சாப்பிட்டோம்.