மூடுவதற்கும் ஆள் வராத சங்கம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈப்போவிலிருந்து தலைநகரில் இருக்கும் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். கோயிலுக்கும் இல்லை, வாழையிலைச் சாப்பாட்டுக்கும் இல்லை. மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவைப் படிக்கிறவர்களுக்கென்று எங்களுக்கு ஒரு சிறிய ஆய்வுச் சங்கம் உண்டு. அதைக் கலைத்துவிடலாமா என்று முடிவெடுக்க அன்று கூட்டம். கலைக்கக் கூடாது என்று கை தூக்குவதற்காகவே கிளம்பினேன். "இத்தாலிக்காரன் கதை உங்களுக்கு எதுக்குங்க?" என்றாள் மனைவி. இத்தனை வருடமாக எல்லாரும் கேட்கிற கேள்விதான். பதில் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

காலை ரயிலில் கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்கு இரண்டரை மணி நேரம். முன்கூட்டியே எடுத்தால் டிக்கெட் நாற்பது ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் நடக்கிற தூரம்தான், ஆனால் குடை இல்லாமல் போகாதீர்கள். நான் போனேன், நனைந்தேன். சங்கத்தின் அறை ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில். கீழே மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே ஐந்தாறு அட்டைப்பெட்டிகளில் புத்தகங்களைக் கட்டி வைத்திருந்தார் ரெஜினா டீச்சர்.

அவர்தான் எங்கள் செயலாளர். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை, கிள்ளானில் வீடு. கணவர் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. மாத முடிவுக்குள் அறையைக் காலி செய்யும்படி கட்டட உரிமையாளரும் சொல்லிவிட்டார். சங்கத்தைக் கலைக்க வேண்டும் என்று கேட்டதே டீச்சர்தான். வேறு யாரும் செயலாளராக முன்வரவில்லை, நான் உட்பட. ஆனால் எங்கள் விதிப்படி உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் சம்மதிக்க வேண்டும். முப்பது பேரில் வந்திருந்தது ஐந்து பேர்.

அரை மணி நேரம் காத்திருந்து பார்க்க வேண்டும் என்பதும் விதி. "சும்மா ஏன் உக்காந்திருக்கணும்? கட்டுரைய எடு தம்பி," என்றார் டீச்சர்.

எங்கள் வழக்கம் இது: முடிக்காத கட்டுரையை எழுதியவரே வாய்விட்டு வாசிக்க வேண்டும். கேட்பவர்கள் பாராட்டக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். பழைய ஐரோப்பியப் புத்தகம் ஒன்றில் மலாக்கா என்று போட்டிருந்த ஒரு படத்தை வைத்து நான் பாதிக் கட்டுரையைக் கட்டியிருந்தேன். துறைமுகம், கோபுரம், பின்னால் குன்று. டீச்சர் அந்தப் படத்தின் நகலை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"இதே புக்குல வேற ஒரு ஊரு படம் இருக்கு, பாத்தியா?"

"இல்ல டீச்சர்."

"அதுலயும் இதே குன்று, இதே கோபுரம் லா. மரக்கட்டையில செதுக்கின ஒரே படத்த ரெண்டு ஊருக்கும் அச்சடிச்சிருக்கான்."

"அப்ப இது மலாக்கா இல்லையா?"

"எந்த ஊரும் இல்ல தம்பி."

பாதிக் கட்டுரை போயிற்று. அவமானமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. இதே கட்டுரை வெளியே போய் அச்சாகியிருந்தால் யார் சொல்லியிருப்பார்கள்? நான் பாடம் நடத்தும் கல்லூரியில் எத்தனை கட்டுரை எழுதினாய் என்று கேட்பார்கள், எவரும் ஒரு வரி படிக்க மாட்டார்கள். இந்தச் சங்கம் செய்கிற வேலை இவ்வளவுதான்: ஒருவர் எழுதியதை இன்னொருவர் உட்கார்ந்து ஒழுங்காகப் படிப்பது. இது எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை.

அரை மணி முடிந்தது, படியேறி எவரும் வரவில்லை. "அப்ப மூட முடியாதா?" என்றார் டீச்சர்.

"முடியாது டீச்சர். ரூல் அப்படி," என்றேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். கை தூக்காமலே ஜெயித்துவிட்டேன்.

பெட்டிகளை டீச்சர் வீட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. கூடவே போனேன். மழையில் கிராப் வாடகைக் காரின் கட்டணம் ஐம்பது ரிங்கிட்டைத் தாண்டியது. ஃபெடரல் நெடுஞ்சாலையில் நெரிசல் வேறு.

"கடைய மூடிட்டீங்களா பாஸ்?" என்று பெட்டிகளைப் பார்த்துக் கேட்டார் ஓட்டுநர்.

"மூட முடியல அண்ணே," என்றேன். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிள்ளானில் அது தாமான் குடியிருப்பில் ஒரு சின்ன வீடு. முன்னறையில் அவருடைய கணவரின் கட்டில். துணைக்கு இருந்த பக்கத்து வீட்டு ஆன்டி எங்களைக் கண்டதும் கிளம்பிவிட்டார். பெட்டிகள் வைக்க வேறு இடமில்லை. கட்டிலைச் சுவரோரம் தள்ளினோம், கணவர் அதில் படுத்திருக்கும்போதே. அவர் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கோட முடிஞ்சிரும், இனிமே ஞாயித்துக்கிழமை வீட்டுலதான்னு இவருகிட்ட சொல்லிட்டு வந்தேன்," என்றார் டீச்சர். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு டீ போட உள்ளே போனார். அந்த டீயைக் குடிக்கவே முடியவில்லை.

வர நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். கூட்டம் இனி கிள்ளானில், அந்த முன்னறையில். கேஎல் சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். டிக்கெட் விலை குறைவுதான். முடிக்காத கட்டுரை இருந்தால் கொண்டுவாருங்கள், டீச்சரைப் போலப் படிக்க ஆள் கிடையாது. மெல்லப் பேசுங்கள், கட்டிலில் ஒருவர் தூங்குவார்.

அடுத்த தடவை எந்தப் பக்கம் கை தூக்குவேன் என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் உறுப்பினர் என்றால் தயவுசெய்து வாருங்கள். மூடுவதற்காகவாவது வாருங்கள்.