புத்தகத்தில் இல்லாத முடிவு

பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் போடுகிற ஆள் நான். மருந்துக் கடையில் வேலை செய்கிறவன், எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். இந்த ஒன்றுக்கு மட்டும் எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அப்போது நாங்கள் லாசால் என்ற நகர்ப்பகுதியில், ஆற்றங்கரைக்குக் கிட்ட ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். கீழ் வீட்டில் டொரத்தி என்று ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா. தாய் தகப்பன் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள், அவர் அந்த ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர், கலியாணம் செய்யவில்லை. முதியோர் இல்லத்துக்குப் போகும்போது, தன் சின்ன வயதுக் கதைப் புத்தகங்களை ஒரு பெட்டியோடு எங்கள் மகள் ஜெனிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தேவதைக் கதைகள், துப்பறியும் கதைகள், புதையல் தேடிப் போகிற கதைகள், எல்லாம் தடித்த அட்டையும் மங்கின வர்ணப் படங்களுமாக இருந்தன. ஜெனிக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, வீட்டில் தமிழ், இங்கிலிஸில் 'ஹலோ', 'தாங்க்யூ'வைத் தாண்டி ஒன்றும் வராது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, சாப்பிட்டபிறகு அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் வாசிப்பேன், வாசித்து வாசித்துத் தமிழில் விளங்கப்படுத்துவேன்.

அன்றைக்கு வாசித்தது அக்கா தங்கை இரண்டு பேரின் கதை. தாய் நோயில் கிடக்கிறாள், மூலிகை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது, ஆறு உறைந்து கிடக்கிறது, இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு பனிக்கட்டியில் கால் வைக்கிறார்கள். பக்கத்தைத் திருப்பினால் மிச்சம் இல்லை. யாரோ அடியோடு கிழித்திருந்தார்கள். சரி, போய் விளையாடு என்று சொல்ல நான் வாயெடுக்க, ஜெனி யன்னலைப் பார்த்தபடி தொடங்கினாள். இங்கிலிஸில். பழைய படங்களில் வருகிற பிள்ளைகளின் உச்சரிப்பில், முன்னால் எழுதி வைத்திருப்பதை வாசிக்கிற மாதிரி.

"கீழே பார்க்காதே, அக்கரை வெளிச்சத்தைப் பார் என்றாள் அக்கா. தங்கை கீழே பார்த்தாள். கையை விட்டுவிட்டுத் திரும்பி ஓடினாள். அக்கா தனியாக நடந்து போனாள்."

குசினியிலிருந்து என் மனைவி ரெஜினா ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"இதை எப்ப பிள்ளைக்குப் பழக்கினீங்கள்?"

"நான் பழக்கேல்லை."

"அப்ப ஆர் பழக்கினது?"

ஜெனியைக் கேட்டால், "என்ன அப்பா?" என்கிறாள். அவளுக்குக் குடிக்க யூஸ் வேணுமாம்.

ரெஜினா மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினாள், ஃபாதரைக் கூப்பிடுவோம் என்றாள், எனக்குக் கோபம் வந்தது. டீவியில் கேட்டிருப்பாள் என்று சத்தம் போட்டேன். அடுத்த நாளே இணையத்தில் தேடி அந்தப் புத்தகத்தை முழுசாகப் பிடித்தேன். அச்சில் இருந்த முடிவு வேறு. இரண்டு பேரும் மூலிகையோடு திரும்பி வருகிறார்கள், தாய் சுகமாகிறாள். அப்பாடா, பிள்ளையின் கற்பனை என்று நெஞ்சு லேசானது. அந்த இங்கிலிஸ் எங்கேயிருந்து வந்தது என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து டொரத்தியைப் பார்க்கப் போனேன். ரெஜினாவுக்கு வேலை, அதனால் ஜெனியும் கூட வந்தாள். சும்மா சிரிப்புக்குத்தான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த கோப்பை அப்படியே நின்றது. கதவைச் சாத்தச் சொன்னார்.

"அந்தப் பக்கங்களைக் கிழித்தது என் அக்கா எடித். அச்சிலிருந்த முடிவு அவளுக்குப் பிடிக்காது, தானே ஒரு முடிவு சொல்லுவாள். அவள் சொல்வதில் இரண்டு பேரும் அக்கரைக்குப் போவார்கள். யாரும் கையை விடமாட்டார்கள்."

கோப்பையை மேசையில் வைத்தார். எடித் பத்து வயதில் அந்த ஆற்றின் பனிக்கட்டி உடைந்து மூழ்கிச் செத்தவள் என்று அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். தனியாகப் போய் விழுந்தாள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

"நானும் கூடப் போனேன்," என்றார் டொரத்தி. "அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது."

பிறகு யன்னலோரம் நின்ற ஜெனியைப் பார்த்து, இங்கிலிஸில் கேட்டார், "அவளுக்கு என் மேல் கோபமா?"

ஜெனிக்கு விளங்கவில்லை. "அப்பா, அவ என்ன கேக்கிறா?"

டொரத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி மறுக்கிறது? தமிழில் சொன்னேன். ஜெனி தலையைச் சரித்துக் கொஞ்சம் பொறுத்தாள். யாரோ சொல்வதை முடிக்கட்டும் என்று நிற்பதைப் போல.

"கோவம் இல்லையாம். ஆனா கையை இன்னும் நீட்டிக்கொண்டுதான் நிக்கிறாவாம்."

டொரத்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதல் பாதியை மட்டும் இங்கிலிஸில் சொன்னேன். அவர் கண்ணை மூடி அழுதார், அழுகைக்கு நடுவே சிரித்தார். பனி கரையுமுன்பே அந்த இல்லத்தில், நித்திரையில் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம்.

வேலைக்குக் கிட்ட என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு நாங்கள் ஆற்றிலிருந்து தள்ளியிருக்கிற வில்லரேக்கு வீடு மாறினோம். ஜெனி இப்போது தாயை விட உயரம். அன்றைக்கு நடந்தது ஒன்றும் அவளுக்கு நினைவில்லை, நானும் ரெஜினாவும் கேட்பதுமில்லை. ஆனால் அந்த 'நிக்கிறாவாம்' எனக்குள் அப்படியே கிடக்கிறது. அந்தக் கை யாரைப் பார்த்து நீண்டிருந்தது என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. டொரத்தியைப் பார்த்துத்தான் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஜெனி அதைச் சொன்னபோது டொரத்தியின் பக்கம் திரும்பவேயில்லை. தனக்கு நேரே, யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.